பாட்டியின் உறக்கம்

மூணாற்று மலைச்சரிவில் நாற்பதாண்டு கொழுந்து பறித்த என் பாட்டியாருக்கு, வேலை ஓய்ந்ததும் இரவு உறக்கமும் ஓய்ந்துவிட்டது. பகலிலோ சுவரில் சாய்ந்தால் உறங்கிவிடுகிறார். “வயசாயிருச்சு ராசா, தூக்கம் எங்க வரும்?” என்பார். அது பாதி உண்மை. முதுமையில் ஆழ்ந்த உறக்கம் குறைவது இயல்பே. மறுபாதியைக் கேளுங்கள், தோழர்களே!

விழித்திருக்கும் பொழுதெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அது சேரச் சேர உறக்கம் கண்ணை அழுத்தும். பகலில் நெடுநேரம் உறங்கினால் சேர்ந்தது குறைந்துவிடும். தேநீரிலுள்ள காஃபீனோ அதன் வேலையையே தடுத்துவிடும். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுத்தவருக்கு மாலைக் கட்டன்சாயா ஆகாது என்றால், வருத்தமாகத்தான் இருக்கிறது!

இன்னொன்று உடற்கடிகாரம். அதன் மூலக்கூறு நுட்பத்தைக் கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கடிகாரத்துக்கு நேரம் திருத்துவது காலை வெளிச்சம். மலையேறிய காலத்தில் வெளிச்சமும் நடையும் பாட்டியாருக்குக் கூலியோடு கிடைத்தன. இன்று லயன் வீட்டு அறையில் இரண்டும் இல்லை.

இது அற்பச் சங்கதியன்று. அமெரிக்காவில் சராசரி 83 வயதுள்ள 733 பெண்களை ஐந்தாண்டு கவனித்த ஆய்வொன்று 2025-இல் வெளிவந்தது. உறக்கம் நிலையாயிருந்தோரைவிட, பகலும் இரவும் உறக்கம் பெருகிக்கொண்டே போனோருக்கு மறதிநோய் ஏறக்குறைய இருமடங்கு. உறக்கமாற்றம் நோய்க்குக் காரணமா, முன்னறிகுறியா என்பது தெளியவில்லை. ஆயினும், பாட்டியாரின் பகலுறக்கம் எனக்குக் கவலை தருகிறது.

அதற்காகத் தேய்ந்த மூட்டுகளை மீண்டும் மலையேற்ற வேண்டாம். முதியோருக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறுவது, இயன்றவரை வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பும், தள்ளாடாமல் நிற்கும் பயிற்சியுமே. விடுமுறையில் அவரைக் காலைதோறும் கோயில்வரை நடத்திச் செல்லப் போகிறேன். சாயாவைப் பற்றி எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.