எஞ்சினுக்கு அணிகலன்

வாயிலுக்குக் கோலமிடுதலும் நிலைக்கு மாவிலை கட்டுதலும் நம்மவர் வழக்கம்; அடுக்களைப் புகைக்கூண்டுக்கு மாலை சூட்டுவார் ஒருவருமிலர். மோட்டார் வண்டி வைத்திருப்போரும் நெடுங்காலம் இவ்வாறே ஒழுகி வந்தனர். மேற்பூச்சுக்கு மெழுகிட்டுப் பளபளக்கச் செய்வர். சக்கரத்துக்கு வெள்ளிநிற மூடி பூட்டுவர். முன்கண்ணாடிக்குப் பின்னே மணிச்சரம் தொங்கவிடுவர். பானெட்டைத் தூக்கினாலோ, உள்ளே கருமையும் எண்ணெய்ப் பிசுக்குமே காணப்படும். அவ்வறையையும் அணிசெய்தல் வேண்டும் என்னும் ஆசை பந்தய வண்டிகளைக் கண்டு பிறந்தது. சென்னைக்கு அண்மையில் முன்னாளில் சோழவரத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் நடைபெற்ற ஓட்டப் பந்தயங்கள் நம் நாட்டு இளைஞர்க்கும் இவ்வார்வத்தை ஊட்டின. நீலமும் சிவப்புமான குழாய்களை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே தம் வண்டிக்குப் பூட்டி மகிழ்வார் இன்று பலர்.

எம் இல்லத்து வண்டி ஓர் அம்பாசிடர். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை ஒட்டிக் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்யப்பெற்று, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியை அறியாதார் யார்? எம்முடையது 1489 கன சென்டிமீட்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின் பூண்டது. பாட்டனார் வாங்கியது, ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கும், வேலூர் மருத்துவமனைக்கும், மழைக்காலத்தில் சவ்வாது மலைமேல் காவலூர்க்கும் அலுக்காது ஓடுவது. சென்ற கோடை விடுமுறையில் எம் தமையனார் அதற்கு நீல நிறக் குழாய் பூட்டக் கருதினார். யாம் தமிழ் பயில்வோமேயன்றி எந்திரம் பயின்றோமல்லோம். ஆயினும் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எமக்கு அளிக்கப்பெற்றது. அவ்வுரிமையை யாம் எத்துணை மடமையுடன் பயன்படுத்தினோம் என்பது பின்னர்ப் புலப்படும்.

எஞ்சின் அறையுள் காணும் குழாய்கள் யாவும் ஓரினத்தன அல்ல. மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் 'ஹோஸ்' என ஒரு சொல்லால் வழங்கினும், ஒவ்வொன்றும் வெவ்வேறு தொழில் உடையது. ரேடியேட்டரின் தலையிலும் அடியிலும் பொருந்திய பருத்த குழாய்கள் இரண்டும் வெந்நீரைச் சுமப்பன. பம்ப்பிலிருந்து கார்பரேட்டர்க்குச் செல்லும் மெல்லிய குழாய் பெட்ரோலைச் சுமப்பது. டிஸ்டிரிபியூட்டர்க்குச் செல்வது வெற்றிடத்தைச் சுமப்பது. ஒன்றுமில்லாததைச் சுமத்தல் எவ்வாறு என வினவுதல் வேண்டா. உறிஞ்சும் விசையையே அவ்வாறு கூறினோம். பிரேக்குக் குழாயோ உயிரையே சுமப்பதாதலின், அழகின் பொருட்டு அதனைத் தொடுதல் கூடாது.

இவை ஏன் கருநிறமாய் இருக்கின்றன? இவ்வினாவுக்கு விடை கூறத் தோல் தொழில் நடக்கும் எம் நாட்டுப்புறத்தாரினும் தக்கார் இலர். குழாய்களுள் எம்மூர் முதலிற் கண்டது தோற்குழாயே. கவலை ஏற்றத்துச் சாலின் அடியில் தைத்த தோற்குழாய் வழியே நீர் வாய்க்காலிற் பாய்ந்ததைப் பாட்டனார் இன்றும் நினைவு கூர்வார். ஆம்ஸ்டர்டாம் நகரத்து வான் டெர் ஹைடன் என்பார் 1670-களில் தீயணைப்புக்கு அமைத்ததும் தோற்குழாயே என்ப. பச்சைத் தோல் இரண்டொரு நாளில் நாறும். உலர்ந்தால் கட்டைபோல் விறைக்கும். ஆவாரம்பட்டையின் துவர்ப்பேனும் குரோம் உப்பேனும் உட்புகுந்து, தோலின் நார்களை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்த பின்னரே அது வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும் தன்மை எய்துகின்றது. இதுவே பதனிடுதலின் மறைபொருள்.

ரப்பரும் அத்தகையதே. மரத்துப் பாலிலிருந்து திரட்டிய பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். அமெரிக்க நாட்டுச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தைக் கலந்து சூடேற்றி, ரப்பரின் நெடிய இழைகளைக் குறுக்கே பிணைக்கும் வழி கண்டார். வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலையில் நிகழ்வதும், டயர்த் தொழிற்சாலையில் நிகழ்வதும் அடிப்படையில் ஒன்றே என்பதை அறிந்தபோது யாம் பெரிதும் வியந்தோம். கருமைக்குக் காரணம் கந்தகம் அன்று, கரி. தொடக்க காலத்து டயர்கள் வெண்மை சார்ந்த நிறத்தன. நுண்ணிய கரித்தூளைச் சேர்த்தால் ரப்பர் பன்மடங்கு உறுதி பெறும் என்பதும், வெயிலின் ஊதாக்கதிரையும் தாங்கும் என்பதும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெளியப்பட்டன. ஆகவே கருங்குழாயின் கருமை அழுக்கன்று; அதன் வலிமையே அது.

நீலக் குழாயோ ரப்பர் மரத்துக்கு உறவினன் அல்லன். மணலிலிருந்து பெறப்படும் சிலிக்கான் என்னும் தனிமமும் ஆக்ஸிஜனும் மாறி மாறித் தொடுத்த சங்கிலியே சிலிக்கோன். அமெரிக்கராகிய ரோச்சோ 1940-இல் இதற்கு வேண்டும் மூலப்பொருளை எளிதிற் செய்யும் முறையைக் கண்டதனால் இது பெருவழக்காயிற்று. இதற்கு உறுதியூட்டுவது கரியன்று, வெண்ணிறச் சிலிக்காத் தூள். ஆதலின், வேண்டிய சாயத்தை ஏற்றுக்கொள்ளும். ஏறக்குறைய 180 பாகை சென்டிகிரேடு வரை வெம்மை தாங்கும். பந்தயக்காரர் இதனை விரும்பியது இவ்வாற்றலை நோக்கியே. அழகு இலவசமாய் வந்தது. ஆனால் நம் வண்டியின் வெந்நீர் 100 பாகையை ஒட்டியே நிற்பது. அதற்கு நல்ல கருங்குழாயே போதும். எனவே அம்பாசிடருக்குச் சிலிக்கோன் பூட்டுதல் முற்றும் அழகின் பொருட்டே என்று ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

இனிப் பூட்டும் முறை. எஞ்சின் ஓரிரவு முழுதும் குளிர்ந்திருத்தல் வேண்டும். ரேடியேட்டர் மூடி உள்ளழுத்தத்தைக் கட்டி வைப்பது. வளிமண்டலத்தினும் ஒரு மடங்கு அழுத்தம் மிகுந்தால் நீர் ஏறத்தாழ 120 பாகையிலன்றிக் கொதியாது. சூட்டோடு மூடியைத் திறப்பின், அடங்கியிருந்த நீர் ஒருங்கே கொதித்து முகத்தில் பாயும். எம்மூரில் வெந்த கையுடையார் இருவரை யாம் அறிவோம். குளிர்ந்த பின் கூலண்டை அகன்ற பாத்திரத்தில் வடித்தல் வேண்டும். அதில் கலந்துள்ள கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தெருவில் வழியவிட்டால் ஆடும் நாயும் நக்கி மாளும்.

பழைய குழாயை முறுக்கி இழுத்தலாகாது. ரேடியேட்டரின் பித்தளைக் கழுத்து மெல்லியது. குழாயோடு அதுவும் பிய்ந்து வரும். கத்தியால் நெடுக்கே கீறி உரித்தலே சிறந்தது. எடுத்த குழாயை எறிந்துவிடாமல் அதன் உள்விட்டமும் வளைவும் புதியதோடு ஒத்துள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். நேர்குழாயை வலிந்து வளைத்தால் நடுவே மடிந்து நீரோட்டம் அடைபடும். கழுத்தின் துருவைத் தேய்த்து, சோப்பு நீர் தடவிச் செருகினால் எளிதில் ஏறும். எண்ணெயும் கிரீஸும் ஆகா. கிளிப்பு விளிம்பு மேட்டுக்கு அப்பால் அமைதல் வேண்டும். துளைவரிசையுடைய பழைய கிளிப்பு மென்மையான சிலிக்கோனைக் கடித்து வெட்டும். உட்புறம் வழவழப்பான கிளிப்பு இதற்கென்றே விற்கின்றது. பின்னர்க் கூலண்டு நிரப்பி, மூடியிடாமலே எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்து, குறைவை நிறைத்து மூடுக. மறுநாள் குளிர்ந்த நிலையில் கிளிப்பை மீண்டும் ஒரு சுற்று இறுக்குக. குழாய் மின்விசிறியையோ பெல்ட்டையோ தீண்டாமை முக்கியம்.

இவ்வளவும் எம் தமையனார் குறைவறச் செய்தார். இரண்டு நீலக் குழாய்களும் கண்ணைப் பறித்தன. மிஞ்சியிருந்தது பெட்ரோல் செல்லும் மெல்லிய கருங்குழாய். "இது ஒன்று மட்டும் கறுப்பாய் நிற்பது திருஷ்டிப் பொட்டுப்போல் இருக்கின்றது" என்று கூறியவர் யாமே. அதே கடையில் வாங்கிய மெல்லிய நீலச் சிலிக்கோன் குழாயை அளந்து வெட்டிக் கொடுத்ததும் எம் கையே.

எட்டாம் நாள் விடியலில் பாட்டியாரை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வாணியம்பாடியை அணுகும்போது, "பெட்ரோல் வாடை வருதடா" என்றார் பாட்டியார். "பழைய வண்டி அப்படித்தான் பாட்டி" என்று விடையிறுத்தார் தமையனார். சிறிது தொலைவு சென்றபின் அவர் இரண்டாம் முறையும் அதனையே கூறவே, நெடுஞ்சாலையில் ஏறுமுன் வழக்கமாய் வண்டி பார்க்கும் மெக்கானிக் பாயின் பட்டறைமுன் நிறுத்தினோம். பானெட்டைத் தூக்கிய பாய் ஒன்றும் பேசாமல் முதலில் எஞ்சினை அணைக்கச் செய்து, பாட்டியாரைக் கீழே இறக்கச் சொன்னார். நீலக் குழாய் பெட்ரோலைக் குடித்து உப்பிக் கொழகொழத்து, கார்பரேட்டர் வாயிலிருந்து பாதி நழுவி நின்றது. துளி துளியாய்ப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வெஞ்சினில் கார்பரேட்டரும் புகை வெளியேறும் இரும்புக்கிளையும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. முன்னது மேல், பின்னது கீழ். சொட்டிய துளிகள் விழுந்த இடம் எது என்று கூறவும் வேண்டுமோ!

"தம்பி, இந்த ஹோஸ் தண்ணீருக்கு ஆகும், பெட்ரோலுக்கு ஆகாது. யார் போட்டது?" என்றார் பாய். தமையனார் எம்மை நோக்கவில்லை. "நான்தான் பாய்" என்றார். யாம் அப்போது வாய் திறவாதிருந்தோம். அதனை இப்பக்கத்தில் ஈடுசெய்கின்றோம்.

காரணம் பின்னர் விளங்கியது. சிலிக்கோன் நீரை எதிர்க்கும். பெட்ரோலை உள்வாங்கி வீங்கும். எஞ்சின் எண்ணெயிலும் நாளடைவில் நலியும். பெட்ரோலுக்கு உரியது நைட்ரைல் முதலான, எரிபொருளைத் தாங்கும் வகையே. அதற்குரிய முத்திரை குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். நிறமே வேண்டுமென்பார்க்கு அக்கருங்குழாயின்மேல் உறைபோல் அணிவிக்கும் வண்ண வலைப்பின்னல் உண்டு. ஆனால் உறையின் கீழே குழாய் வெடித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வப்போது அவிழ்த்துப் பார்க்கும் பொறுமையுடையார்க்கே அது தகும். வெறும் பெயின்ட் அடித்தலோ பயனற்றது. குழாய் நெளியுந்தோறும் பூச்சு உதிரும்.

மின்சார வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். அவற்றில் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் அழகுக்காக வைத்தன அல்ல. உயர் மின்னழுத்தம் ஓடுகின்றது, தொடாதே என்று பழுதுபார்ப்போர்க்கு உணர்த்தும் குறி அந்நிறம். அதனை நீல உறையால் மூடுதல் எச்சரிக்கைப் பலகையின்மேல் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும்.

ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் இட்டிருக்கின்றனர். கோடையில் அவ்வேற்றமே ரேடியேட்டர்க் குழாய்க்குத் தக்க தேர்வு. ஒரு பிற்பகல், பாயின் கையால் கருங்குழாய் பூண்ட பின், தமையனாரும் யாமும் அச்சாலையில் ஏறினோம். இடையில் ஒருமுறை நிறுத்திப் பானெட்டைத் திறந்து பார்த்தோம். நீலக் குழாய்கள் இரண்டும் உலர்ந்திருந்தன. பெட்ரோல் வாடை இல்லை. அருகே நின்ற இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எல்லாம் நீலமாய் இருக்கின்றதே, இது ஒன்றை ஏன் கறுப்பாய் விட்டீர்கள்?" என்று வினவினார். தமையனார் எம் பக்கம் கை காட்டி, "இவனைக் கேளுங்கள்" என்றார்.