கணக்காய்வாளர் என்ன சொல்வார்?
முன்கூட்டியே உணரும் வழி

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. போடுவது நம் உழைப்பின் பயனாக இருக்கும்போது அளந்து போட்டால் மட்டும் போதாது. போட்ட பின்னும் அது எந்நிலையில் இருக்கிறது என்று பார்த்துவர வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல கூட்டுறவுச் சங்கங்களில் பங்கு வைத்திருக்கின்றன. 1960 ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. இவ்வாறு சேர்ந்த பணத்தின் கணக்கை ஆண்டுதோறும் ஆராய்ந்து கருத்துக் கூறுபவரே கணக்காய்வாளர். 'ஆடிட்டர்' என்று நாம் வழக்கில் சொல்வதும் இவரைத்தான்.

ஆண்டறிக்கை கைக்கு வந்தவுடன் நம்மில் பலர் இலாப ஈவு எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம். கணக்காய்வாளரின் கருத்து அடங்கிய பக்கம் படிக்கப்படாமலே போகிறது. அப்பக்கத்தில் என்ன இருக்கும் என்பதையும், அது வெளிவரும் முன்பே அதனை ஓரளவு உணர முடியுமா என்பதையும் இங்கே காண்போம்.

நால்வகைக் கருத்துகள்

கணக்காய்வாளர் தரும் கருத்து நான்கு வகைப்படும். கணக்கு உண்மை நிலையை நேர்மையாகக் காட்டுகிறது என்று கண்டால், குறையற்ற கருத்தைத் தருவார். ஒரு பகுதியில் மட்டும் குறை இருப்பின், 'இதனைத் தவிர மற்றவை சரி' என்று எழுதுவார். இது வரையறைக்குட்பட்ட கருத்து. கணக்கு முழுவதுமே உண்மைக்கு மாறாக இருந்தால், எதிர்க் கருத்தைக் கூறுவார். போதிய சான்றுகள் கிடைக்காமல், அதனால் கணக்கையே நம்ப முடியாத நிலை ஏற்பட்டால், கருத்துக் கூற இயலாது என்று விலகிக்கொள்வார். கணக்கு சரியாக இருந்தாலும், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் பெரும் ஐயம் உண்டு என்று தனியே எச்சரிப்பதும் உண்டு.

ஒன்றை மறத்தலாகாது. குறையற்ற கருத்து என்பது நிருவாகத்திற்குத் தரப்படும் நற்சான்றிதழ் அன்று. நட்டத்தை நட்டம் என்றே ஒளிவின்றிக் காட்டும் சங்கமும் அக்கருத்தைப் பெறும்.

1986 ஆம் ஆண்டின் பாடம்

1986 ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், வைப்புப் பணம் ஏற்று வந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் நம் நாட்டில் நிறுத்திவைக்கப்பட்டன. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி அவற்றில் முடங்கியது. தேசிய நிலநிதிச் சங்கம் அவற்றுள் ஒன்றன்று. எப்போது கேட்டாலும் திருப்பித் தரவேண்டிய பணத்தை நிலத்திலும் பங்குகளிலும் போட்டதும், இயக்குநர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் கடன் கொடுத்ததும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டன. பணம் போட்டவர்களுக்குச் செய்தி தெரிந்தபோது கதவு மூடப்பட்டிருந்தது. ஆகவே, அறிகுறிகளைக் காலத்தே காண்பது பணம் போட்டவருக்கு இன்றியமையாதது.

எண்கள் காட்டும் அறிகுறிகள்

ஒரு நிறுவனத்தின் நிலையைச் சில விகிதங்களைக் கொண்டே கணிக்கலாம் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன். 1968 ஆம் ஆண்டில் அவர் 66 உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்தார். அவற்றுள் 33 நொடித்துப் போனவை. ஐந்து விகிதங்களால் அமைந்த அவருடைய சூத்திரம், நொடிப்பதற்கு ஓராண்டு முந்திய கணக்கைக் கொண்டு 95 விழுக்காடு நிறுவனங்களைச் சரியாக இனம் பிரித்தது. ஈராண்டு முந்திய கணக்கைக் கொண்டு பார்த்தபோது, நொடித்தவற்றுள் 72 விழுக்காட்டையே அதனால் காண முடிந்தது. காலம் தள்ளிப்போகப் போகக் கணிப்பின் கூர்மை குறைகிறது என்பது இதனால் விளங்கும்.

கணக்காய்வாளர் கருத்தையே கணிக்கும் முயற்சி பின்னர் வந்தது. 1987 ஆம் ஆண்டில் டோப்புக், ஹோல்ட்ஹவுசன், லெஃப்ட்விச் என்னும் அறிஞர் மூவர், குறையுள்ள கருத்துக்கு முன்னறிகுறிகள் எவை என்று ஆராய்ந்தனர். அவ்வாண்டில் ஏற்பட்ட நட்டம், சொத்தோடு ஒப்பிடக் கடனில் ஏற்பட்ட மாற்றம், அதே தொழிலிலுள்ள பிற நிறுவனங்களைவிடப் பங்கு பின்தங்கியமை ஆகியவை முதன்மையாக நின்றன.

எண்களுக்கு அப்பால்

கணக்கு ஏட்டில் எண்ணாக வாராத செய்திகளும் உண்டு. கிரேக்க நாட்டு நிறுவனங்களைப் பற்றி 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பண நெருக்கடியோடு நீதிமன்ற வழக்குகளும் குறையுள்ள கருத்தோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. சென்ற ஆண்டு குறை கூறப்பட்டிருந்தால், இவ்வாண்டும் அது தொடரக்கூடும். கணக்கு காலந்தாழ்ந்து வருவதும் கவனிக்கத் தக்கது. நல்ல செய்தியைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை அன்றோ? காரணம் கூறாமல் கணக்காய்வாளரை மாற்றுவதும், பொருளாளர் அடிக்கடி விலகுவதும் கேள்விக்குரியவையே.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு சங்கத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தச் சொத்து 1,00,000 வெள்ளி. சென்ற ஆண்டும் சொத்து இதே அளவுதான். அப்போது கடன் 40,000 வெள்ளி, இப்போது 65,000 வெள்ளி. ஆக, ஒவ்வொரு நூறு வெள்ளிச் சொத்திலும் 65 வெள்ளி பிறருக்குரியது. ஓராண்டிற்குள் கொடுக்க வேண்டியது 30,000 வெள்ளி. கையிருப்பும் வரவேண்டிய பணமும் சேர்ந்து 20,000 வெள்ளியே. அதாவது, கொடுக்க வேண்டிய ஒவ்வொரு மூன்று வெள்ளிக்கும் இரண்டு வெள்ளிதான் இருக்கிறது. அந்த 20,000 வெள்ளியிலும் 12,000 வெள்ளி பல ஆண்டுகளாக வசூலாகாத பழைய கடன். இவ்வாண்டு நட்டம் 5,000 வெள்ளி. கணக்கோ ஆறு மாதம் தாமதம்.

இச்சங்கத்தின் கணக்காய்வாளர் என்ன சொல்வார்? வசூலாகாத 12,000 வெள்ளியை நல்ல சொத்தாகவே காட்டியிருந்தால், அதனைக் குறிப்பிட்டு வரையறைக்குட்பட்ட கருத்தைத் தர இடமுண்டு. சங்கம் தொடர்ந்து இயங்குமா என்ற ஐயத்தையும் அவர் எழுப்பக்கூடும். இதனைக் கணிக்கக் கூட்டலும் வகுத்தலுமே போதும்.

மெட்ரோலாக்கும் உலர்ந்த பாலும்

ஆயினும் கணிப்பு வேறு, தீர்ப்பு வேறு. பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அறிய, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்ப்பதை நாம் அறிவோம். விடை உடனே கிடைக்கிறது. உறுதியான அளவு வேண்டுமானால், சிறிது பாலை எடுத்து உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்க வேண்டும். விகிதங்கள் மெட்ரோலாக் போன்றவை. சான்றுகளைப் புரட்டிப் பார்க்கும் கணக்காய்வு, உலர்த்தி நிறுப்பது போன்றது.

கணிப்பு இருவகையில் தவறலாம். நல்ல சங்கத்தை ஐயுறுவது ஒன்று. கெட்ட சங்கத்தை நல்லதென்று நம்புவது மற்றொன்று. முன்னதால் ஒரு கேள்வி வீணாகும். பின்னதால் வாழ்நாள் சேமிப்பே போய்விடும்.

கணக்காய்வாளரும் தவறுவதுண்டு. நொடித்த நிறுவனங்களைப் பற்றி 1974 இல் ஆல்ட்மனும் மெக்கோவும் வெளியிட்ட ஆய்வில், சூத்திரம் ஐந்தில் நான்கு பங்கு நிறுவனங்களை முன்கூட்டியே காட்டியது. கணக்காய்வாளர்கள் ஐயம் தெரிவித்திருந்தவை பாதிக்கும் குறைவே.

எண்களே பொய்யானால் சூத்திரமும் ஏமாறும். நம் நாட்டின் டிரான்ஸ்மைல் என்னும் விமானச் சரக்கு நிறுவனம் 2005, 2006 ஆம் ஆண்டுகளுக்கு நல்ல இலாபம் காட்டியிருந்தது. 2007 ஆம் ஆண்டில் வரவேண்டிய பணத்திற்குரிய சான்றுகளைக் கணக்காய்வாளர்கள் கேட்டபோது, அவற்றுள் சில கிடைக்கவில்லை; கணக்கு உரிய நாளில் வெளிவரவில்லை. சிறப்பு ஆய்வில் வருமானம் மிகையாகக் காட்டப்பட்டது தெரியவந்தது. இங்கே எண்கள் மறைத்ததைத் தாமதம் காட்டிக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால் புலனாகும்.

நாம் செய்ய வேண்டுவன

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு ஆண்டுதோறும் ஆய்வு செய்யப்பட்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது 1993 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் விதி. 2008 ஆம் ஆண்டு முதல் மலேசியக் கூட்டுறவு ஆணையம் இவற்றைக் கண்காணித்து வருகிறது. எனினும், உறுப்பினர் கேளாத கேள்வியைப் பிறர் கேட்பார் என்று இருந்துவிடுதல் தகாது.

ஆண்டறிக்கை வந்ததும் ஐந்து செய்திகளைப் பாருங்கள்: இவ்வாண்டு இலாபமா, நட்டமா? சொத்தோடு ஒப்பிடக் கடன் கூடியதா? ஓராண்டிற்குள் கொடுக்க வேண்டியதற்குப் போதிய பணம் இருக்கிறதா? வரவேண்டிய பணம் எத்தனை ஆண்டுப் பழையது? கணக்கு உரிய காலத்தில் வந்ததா? இவற்றுக்குரிய விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பின் கணக்காய்வாளரின் பக்கத்தைப் படியுங்கள். உங்கள் கணிப்பும் அவர் கருத்தும் ஒத்திருந்தால் நிலைமை உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். மாறுபட்டிருந்தால், அதன் காரணத்தைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பேராளர் வழியாகக் கூட்டம் நடக்கும் சங்கமாயின், உங்கள் பேராளரிடம் அக்கேள்வியை எழுதிக் கொடுங்கள். படிக்க இயலாத முதியோருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் படித்துக் காட்டலாம்.

சங்கம் நம்முடையது, அதன் கணக்கும் நம்முடையதே. கேட்பது உறுப்பினரின் உரிமை; தக்க விடையளிப்பது நிருவாகத்தின் கடமை.