சாய்வெழுத்தும் கோட்டு வேறுபாடும்

மேலைநாட்டு இதழ்களின் தலைப்புகளிலும் விலையுயர்ந்த பொருள்களின் விளம்பரங்களிலும் ஒருவகை ரோமன் அச்செழுத்தைக் காண்கின்றோம். அது வலப்பக்கம் சாய்ந்தது. தடித்த கோடும் மயிரிழை போன்ற மெல்லிய கோடும் மாறிமாறி வருவது. அதன் எழில் சாய்வினால் விளைந்தது என்பர் சிலர். அது பொருந்தாது. சாய்வும் கோட்டு வேறுபாடும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கருவிகளால் தோன்றியவை. இதனை ஈண்டு விளக்குவாம்.

சாய்வு முற்பட்டது. வெனிஸ் நகர அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் வெர்ஜிலின் செய்யுட்களைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அவ்வெழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிப்போ. அக்காலப் புலவர்களின் விரைவுக் கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. ஆகலின், அது நேரெழுத்தைச் சாய்த்து வைத்ததன்று, தனி வடிவுடையது. ரோமன் முதலெழுத்தின் சிறுவடிவம் நேரெழுத்தில் மேல்வளைவும் கீழ்வட்டமுமாக இரு கூறுடையது. சாய்வெழுத்தில் மேல்வளைவு நீங்கி ஒரே கூறாகின்றது. அப்புலவர்களின் எழுதுகோல் அகன்ற முனையுடையது. அதன் கோட்டின் பருமை, கை செல்லும் திசையைப் பொறுத்தது, வேறுபாடு மிகுதியன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் நெகிழும் கூர்முனைத் தூவல் மேலோங்கியது. அதில் பருமை கையின் அழுத்தத்தால் விளைவது. செப்புத்தகட்டில் எழுத்து வெட்டியோர் அவ்வேறுபாட்டை மேலும் பெருக்கினர். மெல்லிய கோட்டை அச்சில் ஏற்க வழவழப்பான தாள் வேண்டும். எழுத்துப் பயிற்றாசிரியராய் இருந்த ஜான் பாஸ்கர்வில் பர்மிங்காமில் 1757இல் வெளியிட்ட வெர்ஜில் பதிப்பு அதற்கு வழிகாட்டிற்று. பின்னர்ப் பாரிசில் பிர்மின் திதோவும் பார்மாவில் ஜாம்பத்திஸ்தா பொதோனியும் (1740–1813) அவ்வேறுபாட்டை அதன் எல்லைக்குக் கொண்டு சென்றனர்.

இவ்வழகு ஓர் இடர்ப்பாட்டையும் உடன்கொண்டது. பெரிய அளவில் விளங்கும் மயிரிழைக்கோடு, சிறிய அளவில் தேய்ந்து மறையும். எழுத்தும் துண்டுபட்டுத் தோன்றும். பொதோனி இதனை நன்கறிந்தவர். அவர் ஒரே வடிவத்தைச் சிறிதும் பெரிதுமாக்காமல், ஒவ்வோர் அளவிற்கும் தனியே அச்சு வெட்டினார். அவர் மறைவுக்குப்பின் அவர் மனைவி 1818இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட ‘மனுவாலே திப்போகிராபிகோ’ அவ்வுழைப்பின் சான்றாகும். பிற்காலத்தில் ஒரே வரைபடத்தைப் பொறியால் பல அளவாக்கும் முறை பரவவே, அந்நுட்பம் பெரிதும் கைவிடப்பட்டது. 1991இல் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ என்னும் அமெரிக்க இதழுக்காகத் திதோ மரபில் எழுத்தமைத்த ஜோனதன் ஹெப்லர், ஏழு அளவுகளுக்குத் தனித்தனி வடிவம் வரைந்தார். பழைய முறையின் இன்றியமையாமையை இது காட்டும்.

எனவே, பிற்காலப் படிகளில் கோடு மறைந்து படித்தற்கரிதாய் இருத்தல் கண்டு பொதோனியின் எழுத்தைக் குறைகூறுதல், ஏடு பெயர்த்தெழுதினோர் பிழையை நூலாசிரியர்மேல் ஏற்றுவதை ஒக்கும். எழுத்தின் வடிவை ஆராய்வார், அதனை ஆக்கிய கருவியையும் அது ஆக்கப்பட்ட அளவையும் முதற்கண் நோக்குதல் வேண்டும்.