மெல்ல வந்து மோதிய கப்பல்

கடலுக்கும் நந்திக்கடல் நீரேரிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரை முள்ளிவாய்க்கால். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஃபரா 3’ என்னும் யோர்தானியச் சரக்குக் கப்பல் இயந்திரம் பழுதுற்று, காற்றும் நீரோட்டமும் தள்ளிய வழியே வந்து அக்கரையில் ஏறி நின்றுவிட்டது. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கென அது ஏற்றியிருந்தது ஏறத்தாழ 14,000 தொன் அரிசி. மாலுமிகள் இருபத்தைவரும் உயிர் தப்பினர். 2009 மே மாதத்திலே, போரின் இறுதி நாள்களை அம்மணலிற் கழித்து, உற்றாரை இழந்து வெளியேறிய மக்கள் அத்துருப்பிடித்த கப்பலை எளிதில் மறவார்.

இத்துணைப் பாரம் கரையில் மோதியும் கப்பல் ஏன் சிதறிப்போகவில்லை? பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இது நல்ல வினா.

கப்பல் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில், அதாவது நாம் ஆறுதலாக நடக்கும் வேகத்தில், வந்ததெனக் கொள்வோம். இரும்பின் பாரத்தை விடுத்து அரிசியை மட்டும் கணக்கிடுவோம். திணிவை வேகத்தாற் பெருக்கினால் உந்தம். அது 1 கோடியே 40 இலட்சம் அலகு. திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் இயக்கச் சக்தி. அது 70 இலட்சம் யூல். இனி, மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் 10 தொன் லொறி ஒன்றைப் பாருங்கள். அதன் உந்தம் 2 இலட்சம் அலகே. சக்தியோ 20 இலட்சம் யூல். உந்தத்திற் கப்பல் லொறியைப்போல் எழுபது மடங்கு. சக்தியில் மூன்றரை மடங்குதான்!

எது மெய்யான அளவு? 1686இல் லைபினிற்சு என்னும் ஜெர்மானிய அறிஞர் கிளப்பிய இவ்வழக்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் நடந்தது. ஒல்லாந்து அறிஞர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இருமடங்கானால் குழி நான்கு மடங்காயிற்று. இரு கட்சியாருமே தோற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரே விசையால் நிறுத்துவதாயின், உந்தம் நேரத்தைக் கேட்கின்றது. சக்தி தூரத்தைக் கேட்கின்றது.

மணல் இரண்டையும் தாராளமாகக் கொடுத்தது. ஐந்து மீற்றர் மணலை உழுது நின்றிருந்தால் பத்துச் செக்கன் சென்றிருக்கும். சராசரி விசை 14 இலட்சம் நியூற்றன். பாறையில் மோதி அரை மீற்றருக்குள் நின்றிருந்தால் ஒரே செக்கன். விசை பத்து மடங்கு. சக்தி மணலைக் கிளறியும் தகட்டை வளைத்தும் வெப்பமாகியும் கழிந்தது. உந்தமோ அழியவில்லை, பூமி வாங்கிக்கொண்டது. பூமியின் பெருந்திணிவுக்கு அஃது எம்மாத்திரம்!

துறைமுகத் தொழிலாளர் இக்கணக்கைப் படியாமலே அறிவர். இறங்குதுறையை அணுகும் கப்பலுக்கும் சுவருக்கும் இடையே பழைய ரயர்களைத் தொங்கவிடுவர். மெல்லத்தானே வருகின்றதென்று எவரும் கையை நீட்டித் தடுக்க முனையார்.