சூரையின் முதல் ஓட்டம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு இருக்கிறது. ‘ஜாஸ்’ படம் எடுத்த தீவு என்றால் பலருக்குச் சட்டென்று விளங்கும். செப்டம்பர் பிறந்துவிட்டால் அங்கே சுறாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லோர் வாயிலும் சூரைதான். நெத்திலி போன்ற பொடிமீன்கள் துறைமுக வாய்களில் திரள்கின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு சூரைக் கூட்டம் கரைக்கு மிக அருகே வந்துவிடுகிறது. மெனெம்ஷா துறையின் கல் அலைத்தடுப்பில் நின்றபடியே தூண்டில் வீசலாம், படகு வேண்டாம். 1946 முதல் அத்தீவில் நடந்துவரும் தூண்டில் போட்டியில் இந்த மீனும் ஒரு போட்டி மீன்.

அங்குள்ளவர்கள் இதை ‘ஃபால்ஸ் அல்பகோர்’ என்றும், செல்லமாக ‘ஆல்பி’ என்றும் அழைக்கிறார்கள். அறிவியல் பெயர் யூதின்னஸ் அல்லெட்டெராட்டஸ். நம் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் கூடையில் வந்திறங்கும் சூரையான யூதின்னஸ் அஃபினிஸ் இதன் உடன்பிறப்பு போன்றது. பேரினம் ஒன்றே, பழக்கவழக்கமும் ஏறக்குறைய ஒன்றே. எனவே வின்யார்ட் கரையில் முதல் தூண்டில் வாங்குபவருக்குச் சொல்லும் யோசனை நம் கரையில் ராடும் ரீலுமாகச் சூரை பிடிக்க ஆசைப்படும் இளைஞருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மூன்று முதல் ஆறு கிலோ எடையுள்ள மீனுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றலாம். அதே எடையுள்ள வேறு பல மீன்களைச் சாதாரணக் கருவியிலேயே கரையேற்றிவிடலாம். சூரையின் உடம்பு வேறு வகை. அதற்குக் காற்றுப்பை கிடையாது. வாயைத் திறந்தபடி முன்னோக்கி நீந்தினால்தான் செவுள் வழியே தண்ணீர் பாய்ந்து அதற்கு மூச்சு கிடைக்கும். நின்றால் மூச்சு நின்றுவிடும். முதுகின் முன்துடுப்பு ஒரு பள்ளத்துக்குள் மடிந்து மறைந்துகொள்ளும். வால் பிறை வடிவில் விறைத்திருக்கும். தசை தரும் சூட்டைத் தண்ணீரில் இழந்துவிடாமல் காக்க, போகும் இரத்தமும் வரும் இரத்தமும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் நுண்குழாய் வலை ஒன்று அதன் உடலில் இருக்கிறது. சுற்றியுள்ள நீரைவிடச் சூடான தசை வேகமாக இயங்கும். முள் தைத்த நொடியில் இந்த மீன் நூறு மீட்டர் தூண்டில் நரம்பை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடுவது அதனால்தான்.

அந்த முதல் ஓட்டத்தைத் தாங்குவது ரீலின் ‘டிராக்’. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு போக வேண்டிய இடமும் அதுவே.

டிராக் என்பது நரம்பு சுற்றிய ஸ்பூலுக்குள் அடுக்கிய சில வட்டத் தகடுகளின் உராய்வு. குமிழைத் திருகினால் தகடுகள் நெருங்கும், இழுப்பு கடினமாகும். தளர்த்தினால் நரம்பு சுலபமாகக் கழலும். இவ்வளவு எளிய பொருள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1898-ல் கலிஃபோர்னியாவின் கேடலினா தீவருகே சார்லஸ் ஃப்ரெடரிக் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள பெரிய வகைச் சூரை ஒன்றை ராடில் பிடித்தார். அந்த ஆண்டே அவலான் ஊரில் சூரை மன்றம் உருவாகக் காரணமாகவும் இருந்தார். அன்றைய ரீலில் கைப்பிடி நேராக ஸ்பூலோடு பிணைந்திருந்தது. மீன் ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் மூட்டைப் பெயர்க்கும். தோல் துண்டு ஒன்றைக் கட்டைவிரலால் ஸ்பூல் மேல் அழுத்துவதைத் தவிர வேறு தடை கிடையாது. அதே மன்றத்து வில்லியம் போஷனின் யோசனைப்படி உள்ளே டிராக் வைத்த ரீல் உருவானது. 1913-ல் அதைக் கொண்டுதான் அவர் வாள்மீனை ராடில் பிடித்துக் காட்டினார். இன்று நூறு டாலருக்குக் கிடைக்கும் ஸ்பின்னிங் ரீலும் அந்தக் கருத்தின் பேரப்பிள்ளைதான்.

மலிவான ரீலில் எண்ணெய் தோய்ந்த கம்பளித் தகடுகள் இருக்கும். சிறு மீனுக்கு அது போதும். சூரை ஓடும்போது தகடுகள் சூடேறும். உராய்வு சீராக இல்லாமல் பிடித்துப் பிடித்து விடும். நிற்கும் பொருளை நகர்த்த, நகரும் பொருளைத் தள்ளுவதைவிட அதிக விசை வேண்டும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? டிராக் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அந்த அதிக விசை நரம்பின் மேல் ஒரு வெட்டாக விழுகிறது. நரம்பு அறுவது பெரும்பாலும் இந்த வெட்டில்தான். கார்பன் இழைத் தகடு சூட்டிலும் சீராகக் கழலும்.

அந்தத் தகட்டுக்காக ஆயிரம் டாலர் ரீல் வாங்க வேண்டியதில்லை. டைவா பிஜி, பென் பேட்டில் ஆகிய இரு ரீல் வரிசைகளும் நூறிலிருந்து நூற்றைம்பது டாலருக்குள் அமைந்த உழைப்பாளிகள். இரண்டிலும் 4000 அளவு இந்த மீனுக்குச் சரி. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பிஜி ஏறத்தாழ ஒரு மீட்டர் நரம்பை இழுத்துவிடும். அந்த வேகம் அவசியம், ஏனெனில் சூரை சில வேளை திரும்பி ஆளை நோக்கியே ஓடி வரும். நரம்பு தொய்ந்தால் முள் கழன்றுவிடும்.

வாங்கிய ரீலை அளந்து வைக்கவும் வேண்டும். பழைய பேப்பர்காரர் கையில் தொங்குமே, அந்தக் கொக்கித் தராசு போதும். நரம்பின் நுனியைக் கொக்கியில் கட்டி ராடை வளைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். 20 பவுண்டு, அதாவது 9 கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டேகால் கிலோவில் டிராக் கழலத் தொடங்கட்டும். மூன்று கிலோவுக்கு மேல் இறுக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. நரம்பு வெளியேற வெளியேற ஸ்பூலின் சுற்று சிறுக்கிறது. சுற்று பாதியானால் அதே இறுக்கத்தில் நரம்பின் மேல் விழும் இழுப்பு இரட்டிப்பாகும். அதோடு நூறு மீட்டர் நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுக்கும் சுமையும் சேரும். மீன் தூரத்தில் இருக்கும்போது பதறிப்போய் டிராக்கை இறுக்குபவர், தன் மீனைத் தானே அறுத்துவிடுகிறார்.

அடுத்த செலவு நரம்புக்கு. நம் ஊரில் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நைலானில் 20 பவுண்டு தாங்குவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பின்னல் நரம்பில் அதே வலுவுக்கு 0.23 போதும். இது பாலிஎத்திலீன் இழை. 1970-களின் இறுதியில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில், பாலிஎத்திலீனைக் கூழாக்கி நூற்று நீட்டும் முறையைக் கண்டுபிடித்ததால் வந்தது. மெல்லியது, ஆகவே தூரம் பறக்கும். சூரைக் கூட்டம் அறுபது மீட்டருக்கு அப்பால் கொதித்தெழுந்து சில நொடிகளில் அமுங்கிவிடும், தூரம் இல்லாவிட்டால் பயனில்லை. சிக்கனத்துக்கும் வழி உண்டு. ஸ்பூலின் அடியில் மலிவான நைலானைச் சுற்றி, மேலே 200 மீட்டர் பின்னல் நரம்பை ஏற்றினால் போதும். பின்னல் வழவழப்பான உலோகத்தில் சறுக்குவதையும் அடியிலுள்ள நைலான் தடுக்கும்.

சூரைக்குக் கண் கூர்மை. ஆதலால் முனையில் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு 15 முதல் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன் கட்டுவார்கள். நைலானைவிட இதன் ஒளிவிலகல் எண் தண்ணீரின் எண்ணுக்கு அருகில் இருப்பதால் நீருக்குள் எளிதில் கண்ணில் படாது.

ராடில் தாராளமாகச் சேமிக்கலாம். ஏழடி நீளம், 20 முதல் 40 கிராம் வீசும் திறன், அடியில் முதுகெலும்பு போன்ற வலு, இவை இருந்தால் ஐம்பது அறுபது டாலர் ராடே வேலையை முடித்துவிடும். 1976 முதல் விற்கும் அக்லி ஸ்டிக் போல, கிராஃபைட்டும் கண்ணாடி இழையும் கலந்த ராடு கொஞ்சம் கனம். ஆனால் பாறையில் இடிபட்டாலும் பிழைத்துக்கொள்ளும். பழகாத கைக்கு அதுவே நல்லது.

போலி இரையில் ஆசை வேண்டாம். பெட்டி நிறைய வண்ண வண்ணமாக வாங்குவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் வீண் செலவு. மீன் அந்த நேரத்தில் தின்றுகொண்டிருக்கும் பொடிமீனின் நீளத்துக்கு, விரல் அளவில், 20 முதல் 30 கிராம் எடையுள்ள உலோகத் துண்டு நான்கைந்து போதும். பெரிய இரையைச் சூரை திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

மெல்லிய கருவியில் வெகுநேரம் விளையாட்டுக் காட்டுவதைத் திறமை என்று நினைப்பவர்கள் உண்டு. அது மீனுக்குச் செய்யும் கொடுமை. நீண்ட போராட்டத்தில் களைத்த சூரை நீந்த முடியாமல் நிற்கும், நின்றதும் மூச்சடைத்துச் சாகும். வின்யார்டிலும் வட கரோலினாவின் கேப் லுக்அவுட்டிலும் பெரும்பாலோர் இதை உண்பதில்லை, பிடித்து விட்டுவிடுகிறார்கள். விடும்போது தலை கீழாக ஈட்டிபோல் தண்ணீருக்குள் எறிவார்கள். பார்க்க முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் செவுளுக்குள் தண்ணீர் பாய்ந்து மீன் மறுபடி மூச்செடுக்கும். நல்ல டிராக் உள்ள ரீல் சண்டையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவதால், அந்த மீன் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

வீடு திரும்பியதும் உப்புநீர் தகடுகளுக்குள் இறங்காதபடி டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்து ரீலைக் கழுவுங்கள். ஈரம் உலர்ந்த பிறகு குமிழை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடி விட்ட தகடு அமுங்கிப்போய், அடுத்த சூரை ஓடும்போது பிடித்துப் பிடித்துக் கழலும்.