உங்களுக்குத் தெரியுமா? மேடையில் சொல்லும் மெட்டும்

● 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். இன்றைய இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடம் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடியே ஓட்டுக் கேட்டவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். ஊர் அறிந்த சினிமா மெட்டில் கட்சிச் சொல்லை உட்கார வைப்பதில் அவர் மன்னர். ரோசம்மா ஜெயித்தார். பாவலரின் குழுவில் சிறுவயதிலேயே சேர்ந்து மேடை மேடையாக அலைந்த தம்பிதான் இளையராஜா. அவர் படித்த முதல் இசைப்பள்ளி அதுதான் என்பேன்.

● பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் பாடப்படுவது கம்பராமாயணம். மலையாள மண்ணில், தமிழிலேயே! தாரிகனுடன் போரிட்டதால் இராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடத்தப்படும் கூத்து இது என்பது ஐதீகம். எதிரே ஆளே இல்லாவிட்டாலும் புலவர்கள் பாடுவார்கள்.

● 2005-ல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்' புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு உருவானது பலருக்கு நினைவிருக்கும். மாணிக்கவாசகரோடு அதில் ஒலிக்கும் ஆங்கில வரிகள் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதியவை. அந்தப் பெயரை நாம் இன்னும் கொண்டாடியிருக்க வேண்டும்.

● ஷ்வார்ட்ஸ் 1948-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1971-ல் வாஷிங்டன் கென்னடி மையத் திறப்பு விழாவுக்கு லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் படைத்த 'மாஸ்' அரங்கேறியபோது, அவருடன் சேர்ந்து வரிகள் எழுதிய ஷ்வார்ட்ஸுக்கு வயது 23. 2003-ல் பிராட்வே கண்ட 'விக்கெட்' இசை நாடகத்தின் இசையும் பாடல்களும் அவருடையவை. ஆஸ்கர், மூன்று.

● ஓபராவில் இசை ஒருவர், பாட்டும் வசனமும் இன்னொருவர் என்பதே பெரும்பாலும் வழக்கம். இரண்டையும் ஒருவரே சுமந்ததற்கு வாக்னர் பெரிய உதாரணம். நாடகமும் பாட்டும் தாமே எழுதி நடிகர்களையும் பயிற்றுவித்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இந்த வரிசையில் நமக்கு நெருக்கமானவர். ஷ்வார்ட்ஸும் தம் முதல் ஓபராவான 'சீயான்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்' நாடகத்துக்கு இரண்டையும் தாமே செய்தார். 2009-ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அரங்கேறியது; 2011-ல் நியூயார்க் வந்தது. ஆவியோடு பேசுகிறவள் என்று பேர் வாங்க ஆசைப்படும் மைரா, பணக்கார வீட்டுக் குழந்தையைக் கணவனை வைத்துக் கடத்துகிறாள்; பிறகு தன் அருள்வாக்கால் கண்டுபிடித்துத் தருவதாக அந்த வீட்டு வாசலிலேயே போய் நிற்கிறாள். அவளை ஆட்டிவைப்பது பேராசை மட்டுமல்ல, இழந்த மகனின் நினைப்பும்தான். மேடையேற்றி இயக்கியவர் ஷ்வார்ட்ஸின் மகன் ஸ்காட்.