வரப்பு தாண்டிய ஒரே ஒரு காலடி!

எங்க தஞ்சாவூர்ப் பக்கம் வரப்புத் தகராறு லேசுப்பட்டதல்ல. அரையடி வரப்புக்காக ஆயுசு பூரா கோர்ட்டுக்கு நடந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு காலடி பட்டதால் மெடலே பறிபோன கதை தெரியுமோ?

கந்தர்வகோட்டை வழியாக பஸ் பிடித்தால் பக்கத்து ஊர் புதுக்கோட்டை. ஓட்டக்காரர் லட்சுமணன் அந்த மண்ணின் பிள்ளை. சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். வீட்டில் கஷ்டம். வெறுங்காலோடுதான் ஓடப் பழகினார். கோச் லோகநாதன் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அப்புறம் ராணுவ வேலை கிடைத்தது.

2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் ஆசிய தடகளப் போட்டி. 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் அவருக்கே! ஒரு தங்கம் வாங்கினாலே கிடாவெட்டு நடத்தும் ஊர் நம்முடையது. இவர் இரண்டு வாங்கினார்!

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 26. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 10,000 மீட்டர் என்றால் மைதானத்தை 25 சுற்று. லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். 29 நிமிஷம், 44.91 விநாடி. 1998-ல் பாங்காக்கில் குலாப் சந்த் வெண்கலம் வாங்கியபிறகு, ஆண்களுக்கான இந்த ஓட்டத்தில் இந்தியாவுக்கு மெடலே இல்லை. இருபது வருஷப் பசி தீர்ந்தது என்று டி.வி. முன்னால் கைதட்டினேன்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. தகுதி நீக்கம் என்று அறிவித்துவிட்டார்கள்! முந்தப் போனபோது இடது கால், ஓடுபாதையின் உட்பக்க விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டதாம். இந்தியா அப்பீல் செய்தது, எடுபடவில்லை. வெண்கலம் சீன வீரருக்குப் போயிற்று.

"ஏன் சார், அந்த ஒரு அடியில அவருக்கு என்ன லாபம் வந்துடப் போவுது?" என்று பக்கத்து வீட்டு விவசாயி கேட்டார். லாபம் ஒன்றுமில்லைதான். ஆனால் உட்பக்கமாக ஓடினால் தூரம் குறையும். ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருமே வரப்பை வெட்டுவார்கள். சட்டம் நியாயமானதுதான்; வலிதான் ஆறவில்லை. கோர்ட்டிலாவது வாய்தா உண்டு. ஓட்டத்தில் அதுவும் கிடையாது!

2023-ல் ஹாங்சோவில் இதே ஓட்டத்தில் கார்த்திக் குமார் வெள்ளியும், குல்வீர் சிங் வெண்கலமும் வாங்கினார்கள். பசி ஒருவழியாகத் தீர்ந்தது. ஜகார்த்தா பட்டியலில் லட்சுமணன் பெயர் இல்லை. இல்லாவிட்டால் என்ன? 25 சுற்றையும் மூன்றாவதாக ஓடி முடித்தது, வெறுங்காலோடு ஓட ஆரம்பித்த அதே புதுக்கோட்டைக் கால்தானே!